பெருசு சொல்ற 'நல்லாருக்கு'

ஆஸ்பத்திரியில பெரியவங்க "எல்லாம் நல்லாருக்கு சாமி"ன்னு சொன்னா நம்பாதீங்க. வெள்ளைக் கோட்டைக் குறை சொல்லி அந்தத் தலைமுறைக்குப் பழக்கமில்லை. வேளச்சேரியில ஒரு தனியார் ஆஸ்பத்திரி, 'சேவை திருப்தியா?'ங்கிற ஃபார்மை என்கிட்ட நீட்டுச்சு. படுத்துக் கிடந்தது எங்கப்பா! (பில் கட்டுறவன்தான் நோயாளி போல.)

அவரைக் கேளுங்கய்யா. டாக்டர் உங்க முகம் பார்த்துப் பேசினாரா? எந்த மாத்திரை எதுக்குன்னு தெரியுமா? ராத்திரி ஒண்ணுக்குப் போக மணி அடிச்சா எப்போ வந்தாங்க?

வயசானவங்களுக்குத் தனி மருத்துவம் வேணும்ங்கிறது புதுசில்லை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978லேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோர் பிரிவைத் தொடங்கினார். பக்கத்துக் கிண்டியில் 2024 பிப்ரவரியில் 200 படுக்கைகளோடு முதியோருக்கான அரசு மருத்துவமனையே திறந்தாச்சு. லட்சத்துல பில் போடுற இடத்துலதான், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தாத்தாகிட்ட அஞ்சு நிமிஷம் பேச ஆளில்லை.