கல்லோடு பெட்டியும் விற்போம்

மீன் வெட்டுபவருக்கும் இறைச்சிக் கடைக்காரருக்கும் கத்திக்கு அடுத்த முதலீடு சாணைக்கல். அதுவோ மணலிலும் சாக்கு மூலையிலும் கிடக்கிறது. மணல் ஒட்டிய கல் கத்தியின் வாயைக் கெடுக்கும்; கீழே விழுந்தால் உடையும். இதற்கு மருந்து ஒரு மரப்பெட்டி.

வழக்கமான கல் 8 அங்குல நீளம், 2 அங்குல அகலம், 1 அங்குலத் தடிப்பு. நன்கு காய்ந்த இரண்டு மரத்துண்டுகள் போதும். கீழ்த்துண்டில் கல் இறுக்கமாக அமர அரை அங்குல ஆழம் குடைய வேண்டும். மூடியைச் சற்றுத் தளர்வாகக் குடைய வேண்டும். மிச்சம் அரை அங்குலம் வெளியே நிற்பதால், பெட்டியில் வைத்தபடியே கத்தி தீட்டலாம். தண்ணீர் விட்டுத் தீட்டினால் கல் காய்ந்த பின்பே மூட வேண்டும். இல்லையேல் மரம் உளுத்துவிடும்.

பிளாஸ்டிக் டப்பா மலிவுதானே என்பார்கள். டப்பாவுக்குள் கல் ஆடும். அதில் வைத்துத் தீட்டவும் முடியாது.

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, 2009 யுத்த முடிவுக்குப் பின் சிலாவத்துறைக்குத் திரும்பிய எமது மக்களுக்கு இன்றும் தேவைப்படுவது ஊரிலேயே ஒரு தொழில். வெளியூர்க் கல்லை வாங்கி விற்றால் வியாபாரிக்கு மட்டுமே லாபம். பெட்டியும் சேர்ந்தால் தச்சருக்கும் கூலி. பட்டறையில் மிஞ்சும் வேம்பு, தேக்குத் துண்டுகளும் அடுப்புக்குப் போகா.

அறுக்குமுன் கத்தியைக் கூராக்கச் சொல்கிறது நபிமொழி. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரங்களே இதற்கு நல்ல சந்தை. கடைக்காரச் சகோதரர்களே, கடனுக்குக் கேட்காமல், பத்துப் பெட்டிக்கு முன்பணம் கொடுத்துத் தச்சரிடம் சொல்லிப் பாருங்கள்.