தள்ளுவண்டி உணவும் நம் உரிமையும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

ஏழை எளியவரின் பசியைத் தணிப்பவை பெரிய ஓட்டல்கள் அல்ல; தெருவோரத் தள்ளுவண்டிகளே. ஆகவே, "தெருவில் விற்பதை உண்ணாதீர்கள்" என்ற அறிவுரையால் நமக்குப் பயனில்லை. உண்ணத்தான் போகிறோம்; எதைப் பார்த்து உண்பது என்பதே கேள்வி.

ஒரே வாளித் தண்ணீரில் ஐம்பது தட்டுகளைக் கழுவினால், முதல் தட்டின் அழுக்கு கடைசித் தட்டுக்கும் வந்து சேரும். தட்டின்மேல் இலை போட்டுத் தரும் கடை மேலானது. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் கிருமிகள் விரைந்து பெருகும். எனவே ஆவி பறக்கும் இட்லியை நம்பலாம்; காலையில் அரைத்து மாலைவரை வைத்திருக்கும் தேங்காய்ச் சட்னியை நம்பலாகாது. கறுத்து நுரைக்கும் எண்ணெயில் பொரித்த பஜ்ஜியும், அதை மடித்துத் தரும் செய்தித்தாளின் அச்சு மையும் உடலுக்குத் தீங்கே.

கண்ணைப் பறிக்கும் நிறத்தைக் கண்டு மயங்கவும் வேண்டாம். துணிச்சாயமான ரோடமின்-பி கலந்திருப்பது தெரிந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு நிறமூட்டிய பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்கும் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது.

"மலிவு விலையில் உண்பவனுக்கு இத்தனை கேள்வியா?" என்று சிலர் நகைப்பர். விலை குறைந்தால் உரிமை குறைந்துவிடுமா? 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் தள்ளுவண்டிக்கும் பொருந்தும். வசதியுள்ளவருக்கு வயிற்றுப்போக்கு இரண்டு நாள் ஓய்வு. கட்டட வேலை செய்யும் என் தந்தையைப் போன்றோருக்கோ அது இரண்டு நாள் கூலி. கேட்க வேண்டிய தேவை ஏழைக்கே மிகுதி!

அதற்காக வண்டிக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நீதியன்று. குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வருபவர் அதைச் சிக்கனமாகத்தானே செலவிடுவார்? வண்டிகள் கூடுமிடத்தில் ஒரு குழாயும் குப்பைத்தொட்டியும் அமைத்துத் தருவது நகராட்சியின் கடமை. "அண்ணே, தண்ணியைக் கொஞ்சம் மாத்துங்க" என்று அன்போடு கேட்பது நம் கடமை. ஒருவர் கேட்டால் முணுமுணுப்பார். பத்துப் பேர் கேட்டால் அதுவே வழக்கமாகிவிடும்.

மாணவ நண்பர்களே! எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். உங்களில் பலரும் அப்படித்தான். நாம் கற்கும் அறிவியல் தேர்வுத்தாளோடு நின்றுவிடாமல், தெருவோரத் தட்டுவரை செல்லட்டும்!