வெயில் ஆகாத தொழிலாளிக்கு நிழல் வேலை கொடுங்கள்



நம்மில் ஒருவர் முகத்தில் சிவந்த தடிப்புக் கண்டால், லயத்தில் முதலில் எழும் பேச்சு "பெருவியாதி" என்பதே. உடன் வேலை செய்வோர் விலகி நிற்பார்கள். வைத்தியர் பார்க்குமுன் நாமே தீர்ப்புக் கூறிவிடுகிறோம்.

1953-ஆம் ஆண்டில் ஜெஸ்னர், கானோஃப் என்னும் இரு வைத்தியர்கள் ஓர் அபூர்வமான தோல் வியாதியை விவரித்து எழுதினார்கள். அதற்கு ஜெஸ்னர் வியாதி என்றே பெயர் வழங்குகிறது. நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒருவகை தோலுக்குள் திரள்வதால் முகம், கழுத்து, மேல் முதுகு ஆகிய இடங்களில் தடிப்பு எழும்புகிறது. மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் இருக்கும், தானே மறையும், மறுபடியும் வரும். வடு விடாது. பிறருக்குத் தொற்றாது. உயிருக்கு ஆபத்தில்லை.

ஆனால் சிலருக்கு வெயில் பட்டால் தடிப்பு அதிகமாகிறது. இங்கேதான் இது தொழிற்சங்கத்தின் விஷயமாகிறது. விடியலில் பால்மரம் வெட்டுகிறவருக்கு மர நிழலாவது உண்டு. கன்று நட்ட வெட்டவெளியில் புல் வெட்டுகிறவருக்கு அதுவும் இல்லை. அவர் நிழல் வேலை கேட்டால் சோம்பேறி என்ற பட்டம் கிடைக்கிறது.

"ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்களே!" என்று நிர்வாகம் சொல்லலாம். வைத்தியர் கடிதம் எதற்கு இருக்கிறது? வியாதியோ அபூர்வமானது. செக்ரோல் எழுதும் கிராணி என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு பெயரைப் புல்வெட்டிலிருந்து ஸ்டோர் வேலைக்கு மாற்றி எழுத ஒரு நிமிஷம் போதும். இயன்ற அளவு தொழிலாளியின் உடல்நலத்தைக் காப்பது முதலாளியின் கடமை என்று மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் கூறுகிறது. அச்சட்டம் தோட்டங்களுக்கும் உரியது.

நமக்கும் கடமை உண்டு. தடிப்புக் கண்டவர் படைக்குப் பூசும் களிம்பைத் தடவிக்கொண்டு காலங்கடத்தக் கூடாது. உள்ளுறுப்புகளைத் தாக்கக்கூடிய லூபஸ் என்ற வியாதியும் இதே போலத் தோன்றும். தோலில் சிறு துண்டெடுத்துச் சோதித்து, தோல் வைத்தியரே பிரித்துச் சொல்ல வேண்டும். அதுவரை நீளக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும் அணிவது நல்லது.

பெருவியாதியே என்றாலும் அஞ்சி ஒதுக்க நியாயமில்லை. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த கூட்டு மருந்தால் அதுவும் குணமாகிறது.

ஆகவே தோட்டக் கமிட்டித் தோழர்கள் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது ஒன்றே: வைத்தியர் கடிதம் கொண்டுவரும் தொழிலாளிக்குச் சம்பளம் குறையாமல் நிழல் வேலை. லயத்து மக்களிடம் நாம் கேட்பதும் ஒன்றே: அவரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள்.