கடையடைப்பும் கடை வாடகையும்

அரசியல் கட்சிகளுக்கு வெளியே, ஒரே அறிவிப்பால் காசர்கோடு முதல் பாறசாலை வரை கடைகளை அடைக்கச் செய்யும் வலிமை கேரளத்தில் ஓர் அமைப்புக்கு உண்டென்றால், அது கேரள வியாபாரி வியவசாயி ஏகோபன சமிதிதான். 2024 பிப்ரவரி 13 அன்று அவ்வலிமையை அது மீண்டும் காட்டியது. காசர்கோட்டில் தொடங்கிய வணிகப் பாதுகாப்புப் பயணம் தலைநகரில் நிறைவுற்ற அந்நாளில் மாநிலம் முழுவதும் கடையடைப்புக்கு அழைப்பு விடுத்தது. ஐந்தாண்டுகளுக்கு முன், 2019 ஜனவரியில், சபரிமலையின் பெயரால் சங் பரிவாரம் நடத்திய ஹர்த்தாலை மீறிக் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் வணிகர்கள் கடைகளைத் திறந்தார்கள். ஹர்த்தால் வேண்டாம் என்றவர்களே கடையடைப்பு நடத்தலாமா என்று சிலர் நகைப்பர். அதில் நகைக்க ஒன்றுமில்லை. போராடும் எவருக்கும் தமது உழைப்பையோ தொழிலையோ நிறுத்திக்காட்டும் உரிமை உண்டு. கேட்க வேண்டியது வேறு. அடைத்த கடையின் அன்றைய வருவாயை இழந்த பெட்டிக்கடைக்காரருக்கு அப்போராட்டத்தின் பயனில் பங்கு எவ்வளவு?

மொழிபெயர்ப்பு மேசையில் அமர்ந்திருப்பவனுக்கு இவ்வமைப்பின் பெயரே வேலை வைக்கும். மலையாளத்தில் ‘வியவசாயி’ என்றால் தொழிலதிபர். தமிழ்க் காதில் அது ‘விவசாயி’ என்று விழும். கொழிஞ்சாம்பாறையிலும் வண்டிப்பெரியாற்றிலும் பெயர்ப்பலகையைப் பார்த்து, உழவர்களும் இதில் இருக்கிறார்கள் போலும் என்று எண்ணினால் அது எண்ணியவரின் குற்றமன்று. ‘ஏகோபனம்’ என்பது ஒருங்கிணைப்பு. ஆகவே தமிழில் ‘வணிகர் - தொழிலதிபர் ஒருங்கிணைப்புக் குழு’ என்றாகும். சொல்லின் சிக்கல் இத்தோடு தீரும். பொருளின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பல கிளைகள் நடத்தும் ஜவுளி முதலாளியும், அவரது கட்டிடத்தின் ஓரத்தில் பத்தடி அறையில் கைப்பேசி பழுது பார்ப்பவரும், இருவருக்கும் சரக்குப் போடும் விநியோகஸ்தரும் ஒரே கூரையின்கீழ் ஒருங்கிணைகிறார்கள். மூவரும் அரசை நோக்கிக் கை நீட்டும்போது ஒற்றுமை உறுதியாக இருக்கும். ஒருவர் மற்றவரை நோக்கிக் கை நீட்ட நேர்ந்தால்?

இச்சங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். டி. நசிருத்தீன் 2022 பிப்ரவரியில் மறையும்வரை ஏறத்தாழ முப்பதாண்டுகள் தலைமை வகித்த காலத்தில், கடைக்காரர் என்றால் எந்த அதிகாரியும் மிரட்டலாம் என்ற நிலை பெருமளவு மாறியது. நோக்குக்கூலி பற்றி வணிகர்கள் முன்வைத்த புகாரிலும் நியாயம் இருந்தது. அதைத் தொழிலாளர் விரோதம் என்று நம்மில் சிலர் நெடுங்காலம் ஒதுக்கிவந்தோம். கடைசியில் 2018 மே தினத்தன்று இடது ஜனநாயக முன்னணி அரசே அதைத் தடை செய்தது. 2021 ஜூலையில், தொற்றுக் கட்டுப்பாட்டின் பேரால் வாரத்தில் சில நாட்கள் மட்டும் கடை திறந்தால் அந்நாட்களில் கூட்டம்தான் பெருகும் என்று வணிகர்கள் வாதிட்டதும் தவறன்று. அரசு அவர்களைப் பேச்சுக்கு அழைத்தது, கட்டுப்பாடுகள் தளர்ந்தன.

ஆனால் இவை எல்லாவற்றிலும் எதிரே நின்றவர் கடைத்தெருவுக்கு வெளியே உள்ளவர். உள்ளேயுள்ள முரண்பாட்டை அறிய வாடகையைப் பார்க்க வேண்டும்.

பதிவு பெறாத உரிமையாளரிடம் கடையை வாடகைக்கு எடுத்துள்ள, ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வணிகர், அந்த வாடகைக்கு 18 சதவீத வரியைத் தாமே கட்ட வேண்டும் என்ற விதி 2024 அக்டோபர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. மாத வாடகை 10,000 ரூபாய் என்றால் வரி 1,800 ரூபாய். பெரிய வணிகர் இதை உள்ளீட்டு வரி வரவாகத் திரும்ப எடுத்துக்கொள்வார். காம்போசிஷன் திட்டத்தில் உள்ள சிறு வணிகருக்கு அந்த வழி இல்லை, கட்டியது கட்டியதே. வணிகர் அமைப்புகள் பலவும் எதிர்த்தன. டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், காம்போசிஷன் வணிகர்களை இவ்விதியிலிருந்து விலக்கியது. இது வெற்றிதான்.

இப்போது வேறொன்றை எண்ணிப் பாருங்கள். அதே கடைக்கு அதே 1,800 ரூபாயை அரசு கேட்காமல் கட்டிட உரிமையாளர் வாடகை உயர்வாகக் கேட்டிருந்தால் எந்தச் சங்கம் கொடி பிடித்திருக்கும்? கடைக்காரரின் கையிலிருந்து போகும் பணம் ஒன்றே. அரசுக்குப் போனால் அது கொடுமை. உரிமையாளருக்குப் போனால் அது ‘மார்க்கெட் நிலவரம்’. முன்பணம், பகடி, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ஏறும் தொகை ஆகிய எதுவும் கடையடைப்புக்குரிய கோரிக்கை ஆவதில்லை. ஆகவும் முடியாது. யூனிட்டில் முன்வரிசையில் அமர்பவர் பல இடங்களில் தாமே கட்டிட உரிமையாளராகவும் இருப்பார்.

எல்லைக்கு இருபுறமும் உள்ள சட்டத்தை ஒப்பிட்டால் இந்த மௌனத்தின் விலை விளங்கும். கேரளத்தில் 1965ஆம் ஆண்டின் கட்டிட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அது நடைமுறையில் உள்ள பகுதிகளில், உரிமையாளர் தமது சொந்தத் தேவைக்கென்று கடையைக் கேட்டாலும், அக்கடையின் வருவாயையே முக்கியமாக நம்பி வாழ்பவரை, அவ்வட்டாரத்தில் வேறு பொருத்தமான இடம் கிடைக்காதபோது, வெளியேற்ற முடியாது. இடித்துக் கட்டுவதற்காக வெளியேற்றினால், புதிய கட்டிடத்தில் இடம் பெறும் முதல் வாய்ப்பு பழைய குடியிருப்பாளருக்கே. கோபாலபுரத்தைத் தாண்டிப் பொள்ளாச்சிக்கோ, குமுளியிலிருந்து இறங்கிக் கம்பத்துக்கோ போனால் நிலைமை வேறு. அங்கே 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடக்கிறது. வாடகை இரு தரப்பும் ஒத்துக்கொண்ட தொகை. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். ஒப்பந்தம் ஏற்படவில்லை என்பதே காலி செய்யச் சொல்லப் போதுமான காரணம். நாற்பது ஆண்டுகள் வாய்ச்சொல்லின் பேரில் கடை நடத்தியவருக்கு இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. 2021 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்து மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி வாடகைச் சட்டமும் இதே திசையில்தான் போகிறது. நாளை கேரளத்திலும் 1965ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கைவிடு என்று அழுத்தம் வரும்போது, கட்டிட முதலாளியையும் வாடகைக்காரரையும் ஒரே பையில் சுமக்கும் சங்கம் எந்தப் பக்கம் நிற்கும்?

எல்லையோர வணிகருக்கு மட்டுமே உரிய தொல்லைகளும் உள்ளன. சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை பதிவு வேண்டாம் என்பது பொதுவிதி. ஆனால் வரிக்குரிய சரக்கை மாநிலம் கடந்து அனுப்பினால் அந்த விலக்கு இல்லை. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவரோ மாநிலம் கடந்து விற்கவே கூடாது. மீனாட்சிபுரத்துக் கடைக்காரர் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தோப்புக்குச் சரக்கு இறக்கிக் கொடுத்தால் அது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம். கோழிக்கோட்டுக்காரர் நூறு கிலோமீட்டர் அனுப்பினாலும் உள்ளூர் வணிகம். 2019 ஆகஸ்டு முதல் ஈராண்டுகள் கேரளம் ஒரு சதவீத வெள்ள செஸ் வசூலித்தபோதும், குமுளியிலும் வேலந்தாவளத்திலும் வாடிக்கையாளர் பேருந்தேறிக் கீழே போய் வாங்கிவர முடிந்தது. கொச்சியில் அப்படிப் போக முடியாது. பெருநகர வணிகரின் எண்ணிக்கையாலும் சந்தாவாலும் நடக்கும் மாநில அமைப்பில் இத்தகைய குறைக்கு எடை குறைவு. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதும் உரிமையை 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் வழங்கியிருக்கிறது. சங்கத்தின் சுற்றறிக்கை உங்கள் ஊர்க் கடைக்காரருக்குத் தமிழில் வருகிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.

மூணாறு இன்னொரு பாடம். அங்கே கடைத்தெருவின் பெரும்பகுதி நிலம் தேயிலைக் கம்பெனியுடையது. கடைக்காரருக்கு நிலவுடைமையாளரும், அவரது வாடிக்கையாளருக்குக் கூலி கொடுப்பவரும் ஒருவரே. 2015இல் போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, லயத்துக் குடும்பங்கள் இழந்த தொகை மூணாற்றுக் கடைகளின் விற்பனையாகவும் இருந்தது. பற்றுக் கணக்கில் அரிசியும் எண்ணெயும் கொடுத்துவிட்டுப் போனஸுக்குக் காத்திருப்பவருக்கு இது தெரியும். செப்டம்பரில் பெண்கள் ஒன்பது நாட்கள் சாலையில் அமர்ந்து 20 சதவீதத்தை மீட்டார்கள். அவர்களது கோபம் கம்பெனியோடு நிற்காமல் தொழிற்சங்கத் தலைமைகளின் மீதும் பாய்ந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. யாருக்காகச் சங்கம் என்று உறுப்பினர் கேட்கும் கேள்வி வணிகர் சங்கத்துக்கு மட்டும் உரியதன்று. சிறு வணிகரின் நலன் அவரது வாடிக்கையாளரின் கூலியோடு கட்டப்பட்டது. ஆனால் கூலி உயர்வைச் செலவாக மட்டும் பார்க்கும் கண்ணாடியைப் பெரிய வணிகர் அவருக்கு மாட்டிவிடுகிறார். ஓர் ஆள்கூட வைத்துக்கொள்ளாத கடைக்காரர், குறைந்தபட்சக் கூலியால் தொழில் அழிகிறது என்று பேசுவது இப்படித்தான்.

அனைத்திந்திய அளவில் நிலைமை இன்னும் வெளிப்படை. அமேசான், பிளிப்கார்ட் நிறுவனங்களை எதிர்த்து அறிக்கை விட்டுவந்த அனைத்திந்திய வணிகர் கூட்டமைப்பின் பொதுச்செயலர் பிரவீன் கண்டேல்வால், 2024இல் சாந்தினி சௌக்கில் பா.ஜ.க. வேட்பாளராக வென்று மக்களவைக்குப் போனார். இனி ஒன்றிய அரசை எதிர்த்து அவ்வமைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

இடதுசாரிகளின் ஆதரவோடு இயங்கும் வணிகர் அமைப்பு கேரளத்தில் தனியே இருக்கிறது: கேரள வியாபாரி வியவசாயி சமிதி. அதன் பெயரிலும் அதே ‘வியவசாயி’ அமர்ந்திருக்கிறார் என்பதைக் கவனிக்க. ஏகபோகத்துக்கு எதிரான அணியில் சிறு வணிகரைச் சேர்க்க வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் மற்றச் சங்கம் வைக்கும் அதே கோரிக்கைகளை வேறு கொடியின்கீழ் வைப்பதற்கு இரண்டாவது சங்கம் எதற்கு? மாநாட்டு ஊர்வலத்துக்கு வரும் கடைக்காரர், வெளியேற்ற நோட்டீஸ் வந்த அன்று நம் அலுவலகத்துக்கு வராமல் வக்கீல் குமாஸ்தாவிடம் போகிறார் என்றால், அவர் நம்மை எதற்குப் பயன்படுபவர்களாகக் கருதுகிறார்? பெரிய கட்டிடத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் நம் யூனிட்டில் இருந்தால், வாடகைப் பிரச்சினையில் நமக்கும் தொண்டை அடைக்கும். அவரை விலக்க வேண்டும் என்பதன்று என் வாதம். வாடகைக்காரர்களுக்கென்று யூனிட்டுக்குள் தனிக் குழு இருக்கட்டும். அதில் கட்டிட உரிமையாளர் இடம்பெற வேண்டாம். கடையில் நிற்கும் பெண்ணுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2018இல் கேரளம் சட்டம் செய்தது. அது நம் உறுப்பினர்களின் கடைகளில் முதலில் நடக்கட்டும்.

சித்தூர், தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களில் உறுப்பினர் சேர்க்கைக்குச் செல்லும் தோழர்கள் படிவத்தோடு மூன்று கேள்விகளையும் கொண்டுபோகலாம். கடை யாருடைய கட்டிடத்தில் இருக்கிறது? வாடகை ஒப்பந்தம் எழுத்தில் உள்ளதா? எழுத்தில் உள்ளதென்றால், கையெழுத்திட்டவருக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் அது இருக்கிறதா?