கந்துவட்டி: சட்டம் மூடிய கடை எப்படித் திறந்திருக்கிறது?



கண்மாயில் தண்ணீர் வந்துவிட்டது. உழவுக்கும் நடவுக்கும் உடனே பணம் வேண்டும். சொசைட்டிக்குப் போனால் "சிட்டா கொண்டா, அடங்கல் கொண்டா" என்கிறார்கள். வாய்மொழியாகக் குத்தகைக்கு உழுகிறவன் எதைக் கொண்டு போவான்? நேரே வட்டிக்காரர் வாசலுக்குத்தான் போகிறான். "என்ன தம்பி, அவசரமா? இந்தா, இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடு." அஞ்சு நிமிசத்தில் காரியம் முடிந்தது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இது நமக்குப் புதுக்கதையா?

கணக்கைப் பாருங்கள். பத்து வட்டிக்கு 50,000 ரூபாய். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு கையில் தருவது 45,000. நெல் அறுக்க நாலு மாதம். வட்டி மட்டும் 20,000. அதே கடன் சொசைட்டியில் பயிர்க்கடனாகக் கிடைத்து, தவணைக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. தண்டலும் அப்படித்தான். 9,000 கொடுத்து, நாளுக்கு 100 வீதம் நூறு நாள் வசூல். ஆயிரம்தானே என்று தோன்றும். தினமும் அசல் குறைவதைக் கணக்கிட்டால் வருசத்துக்கு 80 சதவீதம் வட்டி!

மீட்டர் வட்டி, மணி வட்டி, நாள் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பெயர் சொல்லியே தடுத்தது. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. அப்புறம் எப்படி இந்தக் கடை நடக்கிறது?

திருட்டுத்தனமாக நடக்கவில்லை. ஊரறிய நடக்கிறது. சட்டத்துக்குப் புறம்பான சந்தை ஊருக்குப் புறம்பானது அல்ல. நம் நடுவில்தான் வேர்விட்டிருக்கிறது.

முதல் வேர், அடைத்த கதவு. சட்டப்படி கடன் கிடைக்காதவன்தான் அந்தச் சந்தைக்குச் சரக்கு.

இரண்டாவது, நம்மைப் பற்றிய தகவல். யார் வயல் எப்போது அறுப்பு, தேங்காய் வியாபாரி என்றைக்குப் பணம் தருவான், யார் வீட்டில் கல்யாணம் என்பதெல்லாம் வட்டிக்காரருக்கு அத்துப்படி. பாங்குக்குக் காகிதம் தெரியும். அவருக்கு நம் குடும்பமே தெரியும்.

மூன்றாவது, மானம். அவர் கோர்ட்டுக்குப் போக முடியாது; போனால் அவரே மாட்டுவார். எனவே வாசலில் நின்று சத்தம் போடுகிறார். சொந்தக்காரனை, சாதிக்காரனைப் பேச விடுகிறார். எழுதாத புரோநோட்டும் வெற்றுக் காசோலையும் அவர் பெட்டியில் கிடக்கின்றன. "ஆபத்துக்கு உதவினவராச்சே" என்ற நம் நன்றியும் அவருக்கே காவல் நிற்கிறது.

நான்காவது, பார்க்க வேண்டியவர்கள் பார்க்காமல் இருப்பது. 2017 அக்டோபர் 23-இல் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு கூலித்தொழிலாளி மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு தீக்குளித்து மாண்டார். பலமுறை மனுக் கொடுத்த பிறகுதான் அந்த முடிவு! 2025-இல் கட்டாய வசூலுக்கு எதிராக இன்னொரு சட்டமும் வந்தது. கதவு அடைத்தே கிடந்தால் எத்தனை சட்டம் வந்து என்ன?

1875-இல் பூனா, அகமத்நகர் ஜில்லாக்களில் விவசாயிகள் திரண்டு, வட்டிக்காரர்களின் கடன் பத்திரங்களைப் பிடுங்கிக் கொளுத்தினார்கள். 1879-இல் வெள்ளைக்கார அரசே விவசாயிகளுக்கு நிவாரணச் சட்டம் போட வேண்டி வந்தது. நாம் நெருப்பு வைக்கச் சொல்லவில்லை. பத்திரத்தைத் திருப்பிக் கேட்கச் சொல்கிறோம். தனியாகக் கேட்டால் மிரட்டல். ஊர் சேர்ந்து கேட்டால் பதில்!

புகார் கொடுங்கள், காவல் நிலையத்தில் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். பறித்த சொத்தை மீட்க நீதிமன்றத்தில் மனுப்போட 2003 சட்டத்திலேயே வழி இருக்கிறது. கொடுத்த பணத்துக்குத் தேதி போட்டு எழுதி வையுங்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் நாம் அல்ல.

நாம் கேட்பது:

குத்தகை விவசாயிகளைப் பதிவு செய்! அவர்கள் பெயருக்கே அடங்கல் கொடு!

நடவுக்கு முன்பே பயிர்க்கடனைக் கையில் கொடு!

கந்துவட்டிப் புகாரைக் கட்டப்பஞ்சாயத்துக்கு விடாதே, வழக்குப் பதிவு செய்!

விருதுநகரில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஊருக்கு ஒரு மனு அல்ல, வீட்டுக்கு ஒரு மனுவோடு வருவோம். மூடி மறைத்த கடனை நாமே வெளியே சொல்லுவோம். நம் வாய் மூடியிருக்கும் வரைதான் அந்தக் கடை திறந்திருக்கும்!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்!