பலூன் தோரணம் கட்டுவோம்

கண்டி வீதியும் பருத்தித்துறை வீதியும் கூடுகின்ற கொடிகாமத்தை அண்டி வாழும் நமக்குத் தோரணம் புதிதன்று. கோயில் திருவிழாவாயினும் கலியாண வீடாயினும், குருத்தோலையைக் கிழித்து மடிப்பதற்குத் தென்மராட்சியிற் கைகள் தாமே முன்வரும். இக்காலத்திலோ பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் பலூனும் வேண்டியிருக்கின்றது. அதற்கென ஆள் அழைத்துப் பணங் கொடுப்பதும் வழக்கமாகி வருகின்றது. ஓலை மடிக்கத் தெரிந்த கைகளுக்குப் பலூன் கட்டுவது அரிதாகுமோ? சகோதரிகளே, இவ்வாரம் அதனையே கற்போம்.

பலூனும் மரந் தந்த பொருளே. 1824ஆம் ஆண்டில் இலண்டன் விஞ்ஞானி மைக்கேல் பரடே, வாயு ஆராய்ச்சிக்காக இரண்டு இறப்பர்த் தகடுகளை ஒன்றன்மேலொன்றாக வைத்து, ஓரங்களை ஒட்டி இறப்பர்ப் பலூன் செய்தார். உட்புறம் ஒட்டாதிருக்க மாத் தூவினார். இலங்கையில் இறப்பர்க் கன்றுகள் 1876இல் கம்பகாவை அடுத்த எனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. எனவே தென்னங்குருத்தும் இறப்பர்ப் பாலும் ஒரே வாசலில் கூடுவதில் பொருத்தமின்மை யாதுமில்லை.

வேண்டுவன: ஒரே அளவான பலூன்கள், கையாற் காற்றடிக்கும் பம், தங்கூசி நூல், ஒரு தடித்த அட்டை. அட்டையில் எட்டு அங்குல அகலமான வட்டத் துளை வெட்டிக்கொள்க. ஊதிய பலூன் அத்துளையினூடே தடையின்றிச் செல்லுமளவிற்குக் காற்றைக் குறைத்து முடிச்சிடுக. அளவு ஒத்திருந்தாற்றான் தோரணம் கோணாது.

பின்னர் இரண்டு பலூன்களின் கழுத்துக்களை ஒன்றோடொன்று முடிந்து சோடியாக்குக. இரண்டு சோடிகளைக் குறுக்காக வைத்து நடுவில் முறுக்கினால் நான்கு பலூன் கொண்ட கொத்து ஒன்று கிடைக்கும். இரு தூண்களுக்கிடையே தங்கூசியை இழுத்துக் கட்டி, கொத்தின் நடுவே நூலை வைத்து, எதிரெதிரான இரு பலூன்களை நூலைச் சுற்றி ஒருமுறை முறுக்குக. அடுத்த கொத்தை முந்தியதன் இடைவெளிகளிற் பொருந்துமாறு நெருக்குக. அடிக்கு ஏறக்குறைய எட்டுப் பலூன் பிடிக்கும். ஆறடி வாசலுக்கு ஐம்பது போதும். இருபுறமும் குருத்தோலை தொங்கவிட்டால் பச்சையும் மஞ்சளும் பலூனுக்கு மேலும் அழகூட்டும். மங்கலத் தோரணத்தை மடிக்கும் முறை வேறு, அமங்கலத்திற்குரியது வேறு. ஆதலால் வீட்டிலுள்ள மூத்தவரைக் கேட்டே மடிக்க வேண்டும்.

நமது வெயிலையும் மறத்தலாகாது. வெப்பத்தாற் காற்று விரியும். முழுதாக ஊதிய பலூன் முற்றத்தில் வெடிக்கும். விறாந்தை நிழலே அதற்கேற்ற இடம். பனங்கருக்குள்ள வேலிப்பக்கம் கட்ட வேண்டாம். தேசிக்காய் பிழிந்த கையாலும் தொட வேண்டாம். அதன் தோலிலுள்ள எண்ணெய் பட்டால் இறப்பர் நலிந்து வெடித்துவிடும்.

இனி, அழகினும் பெரிய காரியத்தைச் சொல்வோம். நாம் சென்றிருந்த ஒரு கொண்டாட்டத்தில் பலூனொன்று வெடித்தது. யாவரும் சிரித்தோம். அச்சிரிப்பினிடையே ஒன்றரை வயதுக் குழந்தை பாயோரம் கிடந்த துண்டை எடுத்து வாயில் வைத்துவிட்டது. அம்மம்மா ஒருவரே கண்டார். உதட்டிலிருந்தே அதனைப் பறித்தெடுத்தார். ஒரு கணம் பிந்தியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணவே நெஞ்சு நடுங்குகின்றது. இறப்பர்த் துண்டு தொண்டையின் வடிவத்திற்கேற்பப் படிந்து மூச்சை முற்றாக அடைக்கவல்லது. எட்டு வயதிற்குட்பட்ட பிள்ளைகளிடம் ஊதாத பலூனையும் உடைந்த துண்டையும் கொடுத்தலாகாது. அவர்கள் வாயால் ஊதவும் விடலாகாது.

அடைத்துவிட்டால், பிள்ளையை முன்னே குனியவைத்து, தோட்பட்டைகளுக்கிடையே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுக. விலகாவிடில், ஒரு வயதிற்கு மேற்பட்ட பிள்ளையாயின் பின்னின்று, கொப்பூழுக்குச் சற்று மேலே முட்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துக. கைக்குழந்தையின் வயிற்றை அழுத்தவே கூடாது. அதனை முன்கையிற் குப்புறக் கிடத்தி முதுகில் ஐந்து முறை தட்டி, பின் மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் இரு விரலால் ஐந்து முறை அழுத்துக. கண்ணுக்குத் தெரியாத துண்டை விரலால் துழாவாதிருக்க. உடனே ஒருவர் 1990 என்னும் இலக்கத்தில் இலவச அம்புலன்சை அழைக்க வேண்டும்.

வாயு நிரப்பிய பறக்கும் பலூனிலும் அவதானம் வேண்டும். உள்ளே ஐதரசன் இருப்பின் குத்துவிளக்கின் சுடரோ மெழுகுதிரியோ பட்டதும் தீப்பற்றும். பார்வையால் இன்ன வாயுவென அறிதல் இயலாது. விளக்குள்ள இடத்தில் காற்றூதிய பலூனே போதும்.

ஆதலின் நாம் கடைப்பிடிக்கும் ஒரு வழக்கத்தைக் கூறி முடிப்போம். ஊதுமுன் பலூன்களை எண்ணி ஒரு தாளிற் குறித்துவைப்போம். விருந்தினர் போனபின் முழுப் பலூன்களையும் உடைந்தவற்றின் கழுத்து முடிச்சுக்களையும் எண்ணுவோம். கணக்கு ஒத்தாலும் சிறு துண்டுகள் கிடக்கக்கூடும். ஆகையாற் பாயை உதறி, முற்றத்தையும் கூட்டியே விளக்கணைப்போம். வாடிய குருத்தோலையை ஆட்டிற்குப் போடலாம். பலூன் துண்டு ஆட்டின் வாயிலும் படலாகாது, பிள்ளையின் வாயிலும் படலாகாது.