அந்தக் காசு எவ்ளோ போகும்?

டிஸ்கி: பழைய காசு சேர்க்கிற மக்களைக் கொஞ்சம் சூடாகத் திட்டப்போகிற பதிவு இது. நானும் அந்தக் கும்பல்ல ஒருத்தன்தான். அதனால அடி எனக்கும் சேர்த்து. :)

ஒரு பழைய செப்புக்காசை யார்கிட்ட காட்டினாலும் முதல் கேள்வி ஒண்ணுதான். "எவ்ளோ போகும்?" பத்து பேர்ல ஒருத்தர் "இது யாரோட காசு?"ன்னு கேட்பார். "இது எங்க கிடைச்சுது?"ன்னு கேட்ட ஒரு ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. அந்தக் கேள்வியை நானும் கேட்காம விட்ட கதையைத்தான் முதல்ல சொல்லணும்.

நாலு வருஷம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, பொட்டி தட்டுற வேலையிலேர்ந்து தப்பிச்சு ஈ.சி.ஆர். வழியா சதுரங்கப்பட்டினம் போயிருந்தேன். கல்பாக்கத்தை ஒட்டி இருக்கிற ஊர். வெள்ளைக்காரன் வாயில நுழையாம 'சட்ராஸ்' ஆனது இதுதான். டச்சுக்காரங்க இங்கேர்ந்து மஸ்லின் துணி ஏத்தி அனுப்பினாங்க. கடலைப் பார்த்தபடி அவங்க கட்டின செங்கல் கோட்டை, உள்ளே அழகா எழுத்து செதுக்கின கல்லறைகள். இன்னிக்கு அது தொல்லியல் துறையோட பாதுகாப்புல இருக்கு.

வெளியே டீ குடிக்கும்போது, வயசான மீனவர் ஒருத்தர் பேச்சு கொடுத்தார். "தம்பி, கோட்டையெல்லாம் போட்டோ புடிக்கிறியே, இத்த பாரு"ன்னு மடியிலேர்ந்து ஒரு காசை எடுத்தார். கடல் கொந்தளிச்ச மறுநாள் கரையில கிடந்துச்சாம். இன்னும் நாலஞ்சு இருந்துச்சாம், அதெல்லாம் காயலான் கடையில எடைக்குப் போட்டாச்சாம். இருநூறு ரூபாய் கொடுத்து வாங்கிக்கிட்டேன். கரையில எந்த இடம், எந்த மாசம், கூட வேற என்ன கிடந்துச்சு... ஒண்ணுமே கேட்கலை. பைக்கை எடுத்ததும் மனசுல ஓடினது, இது எவ்ளோ போகும்!

வீட்டுக்கு வந்து செய்த காரியம் அதைவிட மோசம். குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளியும் உப்பும் போட்டுத் தேய்ச்சேன். பளபளன்னு ஆயிடுச்சு. ஒரு பக்கம் பெரிய 'வி', அதோட ரெண்டு கைகள்ல 'ஓ'வும் 'சி'யும். 1602ல ஆரம்பிச்சு 1799 கடைசியில கலைக்கப்பட்ட டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியோட முத்திரை அது. கீழே வருஷம் இருக்கணும். '17' மட்டும் தெரியுது, மீதியைக் காணோம். தேய்க்கிறதுக்கு முன்னாடி செல்போன்ல எடுத்த மங்கலான படத்துல மூணாவது இலக்கம் 4 மாதிரி இருக்கு. இருநூத்துச் சொச்சம் வருஷம் உப்புக்காத்துல தப்பிச்ச ஒரு எண்ணை, கால் மணி நேரத்துல அழிச்ச புண்ணியவான் நான்.

வருஷம் போனா என்னய்யான்னு கேட்பீங்க. ஒரு சுவரோட அஸ்திவாரத்துக்கு அடியில, யாரும் தோண்டாத மண்ணுல, 1746ம் வருஷக் காசு ஒண்ணு கிடைச்சா அந்தச் சுவர் 1746க்கு முன்னாடி கட்டினது கிடையாது. இவ்ளோதான் கணக்கு. கல்வெட்டு சொல்லாததை, ஆவணத்துல இல்லாததை, அந்த மூணு கிராம் செம்பு சொல்லும். அதே காசை மண்ணுலேர்ந்து பிடுங்கி ஒரு வியாபாரியோட பிளாஸ்டிக் உறைக்குள்ள போட்டா அது வெறும் துட்டு. (அந்தத் 'துட்டு'ங்கிற சொல்லே 'டொய்ட்'ங்கிற இந்த டச்சுக் காசுலேர்ந்து வந்ததுன்னு சொல்றவங்க உண்டு.)

"எவ்ளோ போகும்"ங்கிற கேள்வியிலேர்ந்து ரெண்டு தொழில் முளைக்குது. ஒண்ணு, போலி. ராமர் பட்டாபிஷேகமும் அனுமாரும் போட்டு, கிழக்கிந்தியக் கம்பெனி 1818, 1717, 1616ன்னு வருஷம் போட்ட செம்பு வில்லையைப் பார்த்திருப்பீங்க. அரிசியை இழுக்கும், கோடி ரூபாய் போகும்னு கதை வேற. 1616ல மெட்ராஸ்ங்கிற ஊரே கம்பெனி கையில இல்லை சாமி, கோட்டைக்கு இடம் கிடைச்சதே 1639லதான். கம்பெனி சாமி படமே போட்டதில்லைன்னு சொல்ல வரலை. மெட்ராஸ்ல 1800களோட தொடக்கத்துல அடிச்ச வெள்ளிக் கால் வராகன்ல கோபுரமும் திருமாலும் உண்டு. இந்த ஒரு விஷயம் தெரிஞ்சவன் அனுமார் வில்லைக்கு ஏமாற மாட்டான். விலையை மட்டும் தேடுறவன் ஏமாறுவான். வைஷ்ணவி தேவி படம் போட்ட அஞ்சு ரூபாய்க்கு லட்சம் தர்றோம், முதல்ல கமிஷன் கட்டுங்கன்னு கிளம்பின கூட்டம் கொஞ்சமா? பழைய காசு, நோட்டு வாங்குற விக்கிற வேலைக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லைன்னு ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்ல எச்சரிக்கை விட வேண்டியதாச்சு.

ரெண்டாவது தொழில், தோண்டுறது. வாங்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சாதான் ஒருத்தன் ராத்திரியில மண்வெட்டியோட போவான். அந்தக் குழியில நம்ம பங்கும் இருக்கு. நாம தோண்டலை, ஆனா காசு கொடுத்தோம்.

"நாங்க வாங்கலைன்னா உருக்கிடுவாங்களே"ன்னு ஒரு வாதம் வரும். அதுல நியாயம் இருக்கு, என் காசோட கூட்டாளிங்க போன இடம் அதுதான். தினமலர் ஆசிரியரா இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தியும் கடைகள்ல வாங்கினவர்தான். ஆனா அவர் வாங்கிப் பெட்டியில பூட்டலை. தமிழ்-பிராமியில 'பெருவழுதி'ன்னு பெயர் பொறிச்ச பாண்டியர் காசை 1980கள்ல அடையாளம் கண்டு, படிச்சு, அச்சுல வெளியிட்டார். சங்க காலத்து அரசர்கள் சொந்தமா காசு அடிச்சதே இல்லைன்னு நினைச்சிருந்தவங்க மறுபடி யோசிக்க வேண்டி வந்துச்சு. வாங்கினதுக்கு நியாயம் அப்படித்தான் கிடைக்கும். நம்மள்ல எத்தனை பேர் நம்ம காசோட எடையையாவது எழுதி வெச்சிருக்கோம்?

சட்டமும் தெரிஞ்சிருக்கணும். மண்ணுக்குள்ள கிடைச்ச புதையல் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல இருந்தா கலெக்டர்கிட்ட சொல்லணும்னு 1878லயே சட்டம் வந்தாச்சு. நூறு வருஷத்துக்கு மேல ஆன காசு 1972 சட்டப்படி தொல்பொருள். நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது, வியாபாரம் பண்ணணும்னா உரிமம் வேணும். பாதுகாக்கப்பட்ட கோட்டைக்குள்ள இருந்து ஒரு ஓட்டுச்சில்லைக்கூட எடுத்துட்டு வரக்கூடாது. "கீழேதானே கிடந்துச்சு"ன்னு சொல்லாதீங்க. கீழே கிடந்ததுதான் அதோட விலாசம்.

அதனால புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு என் சிற்றறிவுக்கு எட்டினது. முதல் ஆறு மாசம் எதையும் வாங்காதீங்க. எழும்பூர் அருங்காட்சியகத்துல காசுகளைப் போய்ப் பாருங்க, புத்தகம் படிங்க. ஒரே ஒரு துறையை எடுத்துக்குங்க. எங்கேர்ந்து வந்ததுன்னு சொல்லத் தெரியாதவன்கிட்ட வாங்காதீங்க. கையில வந்ததும் படம், எடை, விட்டம், கிடைச்ச இடம், தேதி எல்லாத்தையும் எழுதுங்க. புளி, எலுமிச்சை, பித்தளை பாலீஷ் பக்கம் போகவே கூடாது. அந்தக் கறுப்புப் படலம் அழுக்கு இல்லை, காசோட தோல்.

போன மாசம் மறுபடி சதுரங்கப்பட்டினம் போனேன். அந்தப் பெரியவரைக் காணோம். டீக்கடையில விசாரிச்சா, மகள் வீட்டோட போயிட்டாராம், எந்த ஊருன்னு தெரியாதாம். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கிறதுக்கு இருந்த ஒரே ஆள் அவர்தான்.

காசை ஒரு காகித உறையில போட்டு வெச்சிருக்கேன். மேலே எழுதியிருக்கேன்: 'டச்சுக் கம்பெனி, 17??. சதுரங்கப்பட்டினம் கடற்கரை, சரியான இடம் கேட்கலை. புளி போட்டுத் தேய்த்தது நான்.'

எவ்ளோ போகும்னு யாரும் பின்னூட்டத்துல கேட்காதீங்க.